மழைக்கு முதுகு காட்டி ஊர் சுற்றலாம், தெரியுமா?

மலேசியாவில் ஏது குளிர்காலம் என்று கேட்பவர்களுக்கு முதல் தகவல் இது. 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி கேமரன் மலையில் பதிவான வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ்! நாட்டின் வானிலைத் துறைக் கணக்கில் மிகக் குறைந்த அளவு அதுதான். மிக அதிகமான அளவு எங்கே தெரியுமா? பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில், 1998 ஏப்ரல் 9 அன்று, 40.1 டிகிரி. கிள்ளானில் காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் இரண்டில் எதற்கும் அன்று இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் இதனால் என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் வீடு திரும்பியாக வேண்டும். அறுபது கடந்து, ஊழியர் சேமநிதியோ பென்ஷனோ கைக்கு வந்து, பிள்ளைகளும் தத்தம் குடும்பத்தோடு தனிக்குடித்தனம் போய்விட்ட தம்பதியருக்குத்தான் இந்த நாட்டின் வரைபடம் முழுசாகத் திறக்கிறது. அதிலும் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த ஒரு கேம்பர்வேன் இருந்துவிட்டால்? ஹோட்டல் பதிவு வேண்டாம். பிடித்த ஊரில் கூட இரண்டு நாள் இருக்கலாம், பிடிக்காவிட்டால் சாவியைத் திருகலாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இது பெரிய பழக்கம். பனி விழத் தொடங்கியதும் ஓய்வு பெற்றவர்கள் வண்டியைத் தெற்கே திருப்பிவிடுவார்கள். ஸ்னோபேர்ட்ஸ் என்று அவர்களுக்குப் பெயர். அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சின்ன ஊர். நிரந்தரமாக வசிப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஜனவரியில் போய்ப் பாருங்கள், கண்ணுக்கெட்டிய வரை வீட்டு வண்டிகள்! அதையொட்டிய அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதம், தங்குவதற்கு நெடுங்காலமாக இருந்துவந்த கட்டணம் வெறும் 180 டாலர். இன்னொன்று கேளுங்கள். அந்த ஊரின் இடுகாட்டில் உச்சியில் ஒட்டக உருவம் வைத்த ஒரு பிரமிடு நிற்கிறது. 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தது. அவற்றை ஓட்ட வந்த ஹாஜி அலி 1902-இல் அங்கேயே காலமானார். அவருடைய சமாதிதான் அது. வீட்டு வண்டிகளின் தலைநகரத்துக்குக் காவல் ஒரு ஒட்டகக்காரர்!

ஆஸ்திரேலியாவில் இதே கூட்டத்துக்குக் கிரே நோமட்ஸ் என்று பெயர். அங்கே குளிர் ஜூன், ஜூலையில் வருவதால் அவர்கள் வடக்கே ஓடுவார்கள். நாட்டைச் சுற்றிவரும் முதலாம் எண் நெடுஞ்சாலை சுமார் 14,500 கிலோமீட்டர் நீளம்!

சரி, கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்கள் எந்தப் பக்கம் ஓடுவது? இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நமக்குப் பனி இல்லை, மழை உண்டு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் கொட்டுகிறது. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான தங்குவிடுதிகள் கதவைச் சாத்திவிடும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது, அதில் பெரும்பகுதி கிளந்தான். ஆனால் தீபகற்பத்தின் முதுகெலும்பாக தித்திவங்சா மலைத்தொடர் நடுவே நிற்கிறதே! கிழக்கிலிருந்து வரும் மேகங்களை அது மறித்துக்கொள்கிறது. அதே ஜனவரியில் கெடாவிலும் பெர்லிஸிலும் லங்காவியிலும் வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருக்கும். ஒரே நாடு, ஒரே மாதம், மலைக்கு அந்தப்பக்கம் வெள்ளம், இந்தப்பக்கம் வெயில்!

நம் வட்டாரம் மட்டும் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் தண்ணீர் வீட்டுக் கூரையைத் தொட்டதை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. அதனால் டிசம்பரில் ஆற்றோரமாக வண்டி நிறுத்தி உறங்குவது வேண்டவே வேண்டாம். வடமேற்கு நோக்கிப் போகலாம், அதுவும் பொங்கலை ஒட்டிக் கிளம்பினால் கனகச்சிதம்.

வடக்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு, தெரியுமா? தைப்பிங்! மலையடிவாரத்தில் ஒட்டிக்கிடக்கும் இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டுவார்களாம். நாட்டின் முதல் ரயில் பாதை 1885-இல் ஓடியதும் இங்கிருந்து போர்ட் வெல்டுக்குத்தான். ஏரிப் பூங்காவின் மழைமரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடுவதைப் பார்க்கவாவது ஒரு இரவு நனையலாம்.

நம் பண்டிகைக் கணக்கும் இந்தக் காற்றோடு சேர்ந்தே வருகிறது! தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. பத்துமலையில் 1892 முதல் கொண்டாடப்படும் விழா. வெள்ளி ரதம் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து இரவில் புறப்பட்டுச் சுமார் 15 கிலோமீட்டர் போகும். 2006-இல் எழுந்த முருகன் சிலை 42.7 மீட்டர், அதன் பக்கத்தில் 272 படி. அன்றைக்கு வேனை எடுத்துக்கொண்டு பத்துமலைக்குப் போவது வீண் அவஸ்தை. வண்டியை வீட்டில் விட்டுவிட்டுக் கிள்ளானில் கொமுட்டர் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து கேஎல் சென்ட்ரலில் மாறினால் குகை வாசலிலேயே இறங்கலாம். தைப்பூசம் முடித்துக் கிளம்பினால் அடுத்து மாசி மகம். மலாக்கா செங்கில் சன்னாசிமலை ஆண்டவர் கோவில், பினாங்கு தெலுக் பஹாங்கில் கடலோரம் என்று இரண்டு பக்கமும் கூட்டம் திரளும். தைக்கும் மாசிக்கும் நடுவே வடக்கே ஒரு சுற்று, தெற்கே ஒரு சுற்று. பருவக்காற்றே பயணத் திட்டம் போட்டுக் கொடுத்தது போல இல்லை?

இப்போது வண்டிக்குள் வருவோம். குளிர் நாட்டு வண்டிக்கு ஹீட்டர் வேண்டும், நமக்கு எதிரி புழுக்கம். ஏர்கான் போட்டுத் தூங்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,200 வாட்-ஹவர் இருக்கிறது. 20 வாட் விசிறி இரவு முழுக்க எட்டு மணி நேரம் ஓடினால் 160. சின்ன ரைஸ் குக்கர் 350 வாட், அரை மணி நேரத்தில் 175. விட்டுவிட்டு ஓடும் 12 வோல்ட் குளிர்பெட்டி ஒரு நாளைக்குச் சுமார் 400. எல்லாம் சேர்த்தாலும் பேட்டரியில் மிச்சம் இருக்கும்! ஆனால் 800 வாட் ஏர்கானை எட்டு மணி நேரம் ஓட்டினால் 6,400. ஐந்து பேட்டரிக்கும் மேல்!

தாப்பா ஆர் அண்ட் ஆர்-இல் ஒரு தம்பதியைப் பார்த்தேன். பழைய வேன், பின்கதவு மேலே தூக்கியிருந்தது. கொசுவலையைக் காந்தத்தால் ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள். பலகையை இழுத்தால் மேசை, மடக்கினால் கட்டிலின் கால். சம்பல் நெத்திலி டப்பா ஒன்று, புளிக்காய்ச்சல் டப்பா ஒன்று, இரண்டுமே ரப்பர் வளையம் போட்டு இறுக்கி. அந்த அம்மா குக்கர் சுவிட்சைத் தட்டிவிட்டு, “ஏங்க, சோறு வைச்சிட்டேன், போன் சார்ஜர எடுத்துடுங்க” என்றார். ஐயா எழுந்து பேட்டரி மீட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். கூரையில் 200 வாட் சூரியத் தகடு. நல்ல வெயில் நாளில் 800 வாட்-ஹவர் வரை கொடுக்கும், மேகமூட்டத்தில் பாதிகூடத் தேறாது என்றார். வீட்டில் இத்தனை வருஷம் மின்கட்டணம் கட்டியும் ஒரு விளக்கு எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாமல் இருந்தோம், இப்போது ஒவ்வொரு வாட்டும் தெரிகிறது என்று அந்த அம்மா சிரித்தார்.

அப்படியானால் புழுக்கத்துக்கு என்ன வழி? மலைதான் ஏர்கான்! ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது கிள்ளான் தரையைவிட ஒன்பது டிகிரி குளிர்ச்சி, ஒரு வாட்கூடச் செலவில்லாமல்! தாப்பாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டெழுதிய மலை, 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது, அந்தச் செடிகளுக்குக் காடு வெட்டியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! ஏறும்போது கவலையில்லை, இறங்கும்போது கவனம். சுமை ஏற்றிய வேனை பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கீழ் கியரில் விட்டு இன்ஜினையே இழுத்துப் பிடிக்க வைக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் கனமழையில் இங்கே மண்சரிவு அபாயமும் உண்டு, ஜனவரி பிற்பகுதி நல்லது.

ஒரு விஷயத்தை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டுக் கடக்க மனமில்லை. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. வயதான தம்பதியரில் ஒருவராவது இன்சுலின் போடுபவராக இருக்கலாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். புழக்கத்தில் உள்ள பேனா 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். வெயிலில் கதவு சாத்தி நிறுத்திய வேனுக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும்! அந்தச் சூட்டில் மருந்து வீணாகிவிடலாம். குளிர்பெட்டிக்கென்று தனி வெப்பமானி வையுங்கள், உறைய விடவும் கூடாது. மருத்துவர் சீட்டின் நகல் இருவர் பையிலும் இருக்கட்டும்.

வீட்டையே வண்டியாக்கும் ஆசை யாருக்கு முதலில் வந்தது தெரியுமா? 1885-இல் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் இரண்டு குதிரை இழுக்கும் ஒரு சொகுசு வண்டியைச் செய்யச் சொன்னார். பெயர் வாண்டரர். 1,300 மைல் சுற்றினார், புத்தகம் எழுதினார். 1947-இல் பென் போன் என்ற டச்சுக்காரர் குறிப்பேட்டில் கிறுக்கிய ஒரு படத்திலிருந்து வோக்ஸ்வேகன் கோம்பி பிறந்தது. 1951-இலேயே அதற்குள் கட்டிலும் பெட்டியும் வைத்து விற்றார்கள். எல்லாவற்றையும் மிஞ்சும் ஒன்று: 1969-இல் நிலவில் கால் வைத்துத் திரும்பிய அப்போலோ 11 வீரர்கள் மூவரையும் தொற்றுப் பயத்தில் முதலில் எங்கே அடைத்தார்கள் தெரியுமா? மாற்றியமைத்த ஏர்ஸ்ட்ரீம் கேரவன் ஒன்றுக்குள்! அதிபர் நிக்சன் ஜன்னல் வழியாகத்தான் அவர்களோடு பேசினார்.

நம் தாத்தா பாட்டிகள் மட்டும் குறைந்தவர்களா? அவர்கள் ஓய்வுப் பயணம் போனது ரஜூலாவில்! 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. போர்ட் சுவெட்டன்ஹம் எது தெரியுமா? 1972-இல் பெயர் மாறிய நம் கிள்ளான் துறைமுகம்தான்! தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாயும் தலையணையும் தகரப் பெட்டியும் தூக்குச் சட்டியுமாகத் தளத்தில் இடம்பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது, 1985-இல் தீ விபத்தோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. இன்றைய கேம்பர்வேன் தம்பதியருக்கு நேரடி முன்னோர்கள் என்று அந்த மேல்தளக்காரர்களைத்தான் நான் சொல்வேன்.

வண்டி ஓட்டக் கண் ஒத்துழைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். பிரிக்பீல்ட்ஸே ரயில் வளர்த்த ஊர்! 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் புக்கிட் கூடாவையும் பாதை இணைத்தது. இலங்கைத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தார்கள், தமிழகத்துத் தொழிலாளர்கள் தண்டவாளம் போட்டார்கள். ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றித்தான் கோவில்களும் பள்ளிகளும் கடைகளும் முளைத்தன. இன்று அதே இடத்தின் கேஎல் சென்ட்ரலில் ஏறினால் மின்ரயில் வடக்கே பாடாங் பெசார் எல்லை வரை போகிறது, 2025 டிசம்பரிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரைக்கும். அறுபது வயது கடந்த மலேசியர்களுக்குப் பாதிக் கட்டணம்!

பணம் இல்லையே என்கிறீர்களா? கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைத் தெரியுமா? தினமும் 300 ரூபாய் எடுத்துவைத்து, கடன் வாங்கிப் போய்வந்து, கடனை அடைத்து, மறுபடி கிளம்பி, 25-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றிவிட்டார்கள். 2021-இல் ரஷ்யா போய்வந்த சில வாரங்களில் விஜயன் காலமானார். கடையை மூடிவிட்டுப் போனவர்கள் இல்லை, டீ ஆற்றிக்கொண்டே போனவர்கள்.

கிள்ளானை விட்டு நகராமலேயே குளிர்காலப் பயணிகளைப் பார்க்க ஆசையா? காப்பாருக்கு வாருங்கள்! அங்குள்ள மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகளில், கடல் ஏறும் நேரத்தில், சேற்றில் மேய்ந்த கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். சைபீரியப் பனிக்குத் தப்பி வந்தவை அவை. அவற்றில் பட்டைவால் மூக்கன் என்று ஒரு பறவை உண்டு. அந்த இனத்தைச் சேர்ந்த ஐந்து மாதக் குஞ்சு ஒன்று 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் பதினொரு நாளில் பறந்தது! மார்ச்சில் போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவானில் அடுத்த அதிசயம். சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் நீரிணையைக் கடந்து அந்தக் கலங்கரை விளக்கத்தருகே தாழப் பறந்து வரும். வெயிலில் எழும் சூட்டுக் காற்றில்தான் பருந்து மேலே ஏறும், கடல்மேல் அது கிடைக்காது. அதனால் கடல் மிகக் குறுகலான இடத்தைத் தேடித்தான் வருகின்றன. இந்த முனை நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம் என்பது உபரித் தகவல்.

இன்னும் வடக்கே போக ஆசையா? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டியதும் உங்களுக்கு ஒரு மணி நேரம் இலவசம்! தாய்லாந்து கடிகாரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். 1982 ஜனவரி 1-க்கு முன்பு அந்த வித்தியாசம் அரை மணிதான், அன்றுதான் தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். வண்டி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வங்கிக் கடன் இருந்தால் அனுமதிக் கடிதம் வேண்டும், தாய்லாந்துக் காப்புறுதியைச் சங்லூன் கடைகளிலேயே எடுக்கலாம். கேம்பர்வேனுக்குத் தனி விதிகள் இருக்கக்கூடும், புறப்படும் முன்பே கேட்டுக்கொள்வது உத்தமம்.

தாய்லாந்திலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். கிள்ளானிலிருந்து மேகாங் கரையின் சியாங் கோங் வரை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பக்கம் மாறாமலே போகலாம்! வழியில் கொஞ்சம் விலகினால் 2,565 மீட்டர் உயர தோய் இந்தானோன். டிசம்பர், ஜனவரி விடியலில் அங்கே புல்மேல் உறைபனி படியும். கிள்ளானில் போட்ட நம்பர் பிளேட்டோடு நிஜமான குளிர்காலத்துக்குள் போய் நிற்கலாம்! சியாங் கோங்கில் 2013-இல் திறந்த பாலத்தைக் கடந்தால் லாவோஸ், அங்கே வலப்பக்கம்.

அதற்கும் அப்பால் போக முடியுமா? 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட்ரோவர்களில் கிளம்பி, மலாயா வழியாக இறங்கி, 1956 மார்ச் 6 அன்று சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர், எண்பதைத் தாண்டிய வயதில், 2019-இல் அதே வண்டியில் சிங்கப்பூரிலிருந்து திரும்ப ஓட்ட வந்தார்! செயிண்ட் ஹெலினா தீவில் கைவிடப்பட்டுக் கிடந்ததை மீட்டுச் சீராக்கிய வண்டி அது. புறப்படும் நேரத்தில் அவருக்கு உடல்நலம் குன்றியதால் பேரன் அவர் இடத்தில் ஏறிக்கொண்டார். ஆகஸ்டில் கிளம்பிய, அறுபது வயதைக் கடந்த அந்த வண்டி டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது!